லூஸ் கனெக்‌ஷனின் கணக்கு

கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய பந்தயக் காரைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டும் ஃபார்முலா பாரத் போட்டி அங்கே நடக்கிறது. அதில் பேட்டரி கார்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. இவ்வகைப் போட்டிகளுக்கு உலக அளவில் முன்மாதிரியாக இருப்பது ஃபார்முலா ஸ்டூடன்ட் ஜெர்மனியின் விதிநூல். புதிதாகப் படிப்பவரைத் திகைக்க வைக்கும் விதி ஒன்று அதில் இருக்கிறது. மோட்டாருக்குப் பெரிய மின்னோட்டம் போகும் பாதையில் ஒயரையோ பேட்டரி செல்லையோ ஈயம் வைத்து இணைக்கக் கூடாது. சர்க்யூட் போர்டின் மேல் மட்டும் ஈயத்துக்கு அனுமதி உண்டு. அங்கேயும் அந்த உறுப்பைத் தனியாக இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும்.

அதே ஊரில் பேட்டரி ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடைக்குப் போய்ப் பாருங்கள். மேசையில் கிடக்கும் மஞ்சள் நிற எக்ஸ்டி கனெக்டரின் பின்பக்கம், ஈயம் ஊற்றுவதற்கென்றே குழி வைத்துச் செய்யப்பட்டிருக்கும். ஓரிடத்தில் ஈயத்துக்குத் தடை, இன்னோரிடத்தில் ஈயம் இல்லாமல் வேலையே நடக்காது. இரண்டுமே சரிதான். எப்படி என்று புரிந்துகொண்டால் கனெக்டரைத் தேர்ந்தெடுப்பதும் தெரிந்துவிடும், அதைப் பொருத்துவதும் தெரிந்துவிடும்.

5 எச்.பி. மோட்டார் இரண்டு

கொங்கு நாட்டு எலக்ட்ரீஷியன்கள் பலர் தோட்டத்து மோட்டாரில் கை பழகியவர்கள். போர்வெல்லில் இறக்கிய 5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். மூன்று ஃபேஸ், 415 வோல்ட். ஒவ்வொரு ஃபேஸிலும் ஓடும் மின்னோட்டம் சுமார் 9 ஆம்பியர்.

அதே 5 எச்.பி. திறனை 48 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டுமானால்? மோட்டாரில் வீணாகும் பங்கையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 90 ஆம்பியர் வேண்டும். சுமையோடு மேடேறும் பேட்டரி ஆட்டோவில் இது சாதாரணம். வோல்ட் குறைந்ததால் ஆம்பியர் பத்து மடங்கு ஏறிவிட்டது.

வெப்பம் பத்து மடங்கோடு நிற்பதில்லை. ஒரு கடத்தியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருபடியைப் பொறுத்தது என்று ஜூல் 1840களிலேயே காட்டிவிட்டார். மின்னோட்டம் பத்து மடங்கானால் ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் வெப்பம் நூறு மடங்கு. சற்றே தளர்ந்த ஒரு ஜாயிண்ட்டின் தடை 10 மில்லி ஓம், அதாவது ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்வெல் ஒயரில் 9 ஆம்பியர் ஓடும்போது அங்கே பிறப்பது ஒரு வாட்டுக்கும் குறைவு. ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் போகும். அதே ஜாயிண்ட்டில் 50 ஆம்பியர் ஓடினால் 25 வாட், 90 ஆம்பியர் ஓடினால் 81 வாட்.

கடையில் ஈயத்தை உருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அப்படியானால் தளர்ந்த ஜாயிண்ட் ஒன்று, சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து வைத்த சால்டரிங் அயர்ன். இன்னொரு விதமாகவும் கணக்குப் போடலாம். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், கடைமொழியில் 6 ஸ்கொயர், மீட்டருக்குச் சுமார் 2.9 மில்லி ஓம் தடை காட்டும். அந்த 10 மில்லி ஓம் மூன்றரை மீட்டர் ஒயரின் தடைக்குச் சமம். ஒயர் தன் வெப்பத்தை நீளம் முழுவதும் காற்றில் விட்டுவிடும். ஜாயிண்ட்டில் அத்தனையும் கடுகளவு இடத்தில் தேங்கும்.

பேட்டரி கார்கள் பல 300, 400 வோல்ட்டில் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சிறிய வண்டிகள் 48 வோல்ட்டை விடாமல் பிடித்திருப்பதற்கும் காரணம் உண்டு. 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரத்தைத் தொட்டால் ஆபத்தான மின்னழுத்தமாக வாகன விதிகள் கருதுகின்றன. அதற்குக் கீழே இருந்தால் ஷாக் பயம் குறைவு, காப்புச் செலவும் குறைவு. அந்த லாபத்துக்கு ஈடாகக் கனெக்டரில் கவனத்தைக் கூட்ட வேண்டும்.

தொடுவது போலத் தெரியும், தொடாது

ராக்னர் ஹோல்ம் என்ற சுவீடன் இயற்பியலாளர் பெர்லினில் சீமென்ஸ் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் மின் தொடுமுனைகளை ஆராய்ந்தார். அவர் நிறுவிய உண்மை இன்று எல்லாக் கனெக்டர் தொழிற்சாலைகளுக்கும் அரிச்சுவடி. எவ்வளவு வழவழப்பாகக் கடைந்த உலோகமானாலும் நுண்ணளவில் அது மேடும் பள்ளமும்தான். இரண்டு முகங்களைச் சேர்த்து அழுத்தினால் மேடுகளின் உச்சிகள் மட்டுமே முட்டும். கண்ணுக்கு முழுப் பரப்பும் ஒட்டியது போலத் தெரிந்தாலும் மின்சாரம் கடப்பது அந்தச் சில புள்ளிகள் வழியாகத்தான். கோவை கோனியம்மன் தேரன்று ராஜ வீதியில் திரளும் கூட்டம் முழுவதும் நாலைந்து சந்துகள் வழியாக மட்டுமே வெளியேற வேண்டுமென்றால் என்ன நெருக்கடி வருமோ, அதுவே அந்தப் புள்ளிகளில் மின்னோட்டத்துக்கும் வருகிறது. இதுதான் தொடுமுனைத் தடை.

புள்ளிகளைப் பெருக்க வழி, அழுத்தத்தைக் கூட்டுவது. பின்னும் சாக்கெட்டும் ஒன்றையொன்று கவ்வும் விசை நாலில் ஒரு பங்காகக் குறைந்தால் தடை ஏறத்தாழ இரு மடங்காகும். கனெக்டர் என்பதே உள்ளுக்குள் ஒரு ஸ்பிரிங்தான் என்று சொல்வது இதனால்தான்.

சூடேறினால் ஸ்பிரிங்கின் இறுக்கம் போய்விடும். இறுக்கம் போனால் தடை ஏறும், தடை ஏறினால் சூடு இன்னும் கூடும். சூட்டில் உலோகத்தின் மேல் ஆக்சைடு படலம் வேகமாகப் படியும், அதுவும் தடையைக் கூட்டும். இந்தச் சுழல் ஒருமுறை தொடங்கினால் தானாக நிற்காது. நேற்று வரை நன்றாக ஓடிய வண்டியின் கனெக்டர் இன்று திடீரென்று உருகிக் கிடப்பது இப்படித்தான். உருகியது இன்று, தளரத் தொடங்கியது பல மாதங்களுக்கு முன்.

சாலையின் அதிர்வும் தன் பங்கைச் செய்கிறது. மண் பாதையில் வண்டி குலுங்கும்போது பின்னும் சாக்கெட்டும் ஒரு மில்லிமீட்டரின் மிகச் சிறு பங்கு அளவுக்கு முன்னும் பின்னும் உரசிக்கொண்டே இருக்கும். வெள்ளீயம் பூசிய முனைகளில் ஒவ்வொரு உரசலும் புதிய உலோகத்தைச் சுரண்டி வெளியே கொண்டுவரும். அது ஆக்சைடாகிப் பொடியாக அங்கேயே தங்கும். பெரிய மின்னோட்டக் கனெக்டர்களில் வெள்ளி, தங்கப் பூச்சு கொடுப்பது இதற்காகத்தான், பளபளப்புக்காக அல்ல.

எந்தக் கனெக்டர்?

பெயரில் இருக்கும் எண்ணை நம்பி வாங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. எக்ஸ்டி 60 என்றால் 60 ஆம்பியர் நாள் முழுவதும் தாங்கும் என்று நினைக்கிறோம். 60 என்பது சற்று நேரத்துக்கான உச்ச அளவு. அதைத் தயாரிக்கும் சீனாவின் அமாஸ் நிறுவனம் தொடர்ந்து ஓடும் மின்னோட்டத்துக்குச் சொல்லும் அளவு அதில் பாதி, 30 ஆம்பியர். எக்ஸ்டி 90க்கும் இதே பாதிக் கணக்கைப் பிடித்துக்கொள்வது நல்லது. எக்ஸ்டி 60இன் பின் 3.5 மில்லிமீட்டர் தடிமன், எக்ஸ்டி 90இன் பின் 4.5 மில்லிமீட்டர். கண்ணால் பார்த்தே வேறுபடுத்திவிடலாம்.

ஆம்பியர் அளவு என்பது உண்மையில் வெப்ப அளவு. சுற்றுப்புறத்தைவிட முனை எத்தனை டிகிரி கூடுதலாகச் சூடேறலாம் என்ற கணக்கிலிருந்து வருவது. சித்திரை வெயிலில் ஈரோடும் கரூரும் 40 டிகிரியைத் தொடும் நாளில், வெயிலில் நின்ற வண்டியின் சீட்டுக்கு அடியில் சூடு அதையும் தாண்டியிருக்கும். அங்கே தரவுத்தாளின் எண்ணை முழுதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஓடும் மின்னோட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது தொடர்ந்து தாங்கக்கூடிய கனெக்டரை எடுப்பது பாதுகாப்பு.

வண்டிகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகம் என்ற பதிவு தேவைப்படாத ஸ்கூட்டரில் 48 வோல்ட்டில் ஐந்தாறு ஆம்பியர்தான் ஓடும். கிளம்பும்போது சற்றுக் கூடும். இதற்கு எக்ஸ்டி 60 தாராளம். 1500 வாட் ஸ்கூட்டருக்கு 30 ஆம்பியருக்கு மேல் வரும். எக்ஸ்டி 90க்கோ ஆண்டர்சன் எஸ்பி 50க்கோ போக வேண்டும். பேட்டரி ஆட்டோவுக்கும் சரக்கு வண்டிக்கும் ஆண்டர்சன் எஸ்பி 175 போன்ற பெரிய கனெக்டர், அல்லது போல்ட் போட்டு முடுக்கிய லக்.

ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளில் நெடுநாளாகப் புழங்கும் ஆண்டர்சன் கனெக்டரில் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. ஒரே அச்சில் வார்த்த இரண்டு பாதிகள் ஒன்றையொன்று கவ்வும். செருகும்போது முனைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி, படிந்த ஆக்சைடைத் தாமே துடைத்துக்கொள்ளும். 48 வோல்ட்டுக்கு நீலம் என்பது போல வோல்ட்டுக்கு ஒரு நிறம் வைத்திருக்கிறார்கள். நிறம் மாறினால் ஒன்றுக்குள் ஒன்று போகாது. பேட்டரியை மாற்றி மாற்றிப் போடும் வண்டிக்கு இது பெரிய காவல்.

போலிகளும் சந்தையில் உண்டு. தங்க நிறம் உள்ளே இருப்பதைச் சொல்லாது. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, வாங்க வேண்டாம். பித்தளையில் காந்தம் ஒட்டாது; ஆனால் அதன் கடத்தும் திறன் செம்பில் நாலில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பின் செருகும்போது ஒரே சீரான இறுக்கம் கைக்குத் தெரிய வேண்டும். வழவழவென்று நழுவி உள்ளே போனால் ஸ்பிரிங் இல்லை என்று பொருள்.

ஈயமா, கிரிம்ப்பா?

ஈயம் மோசமான கடத்தி, அதனால்தான் பந்தயக் காரில் தடை என்று பலர் சொல்வார்கள். பாதிதான் சரி. வெள்ளீயம் 63, காரீயம் 37 என்று கலந்த சால்டரின் கடத்தும் திறன் செம்பில் ஒன்பதில் ஒரு பங்குதான். ஆனால் நன்றாக வைத்த ஜாயிண்ட்டில் ஈயம் மெல்லிய படலம். 50 சதுர மில்லிமீட்டர் பரப்பில் 0.2 மில்லிமீட்டர் கனத்துக்கு ஈயம் நின்றால், அதன் தடை ஒரு மில்லி ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

காரணங்கள் வேறு. முதலாவது, உருகுநிலை. அந்தச் சால்டர் 183 டிகிரியில் உருகும். காரீயம் கலக்காத புதிய வகைகள் 217 டிகிரிக்கு மேல். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். பக்கத்தில் வேறு ஏதோ கோளாறில் சூடேறினாலும், ஈயத்தை மட்டும் நம்பியிருக்கும் ஒயர் கழன்று விழுந்துவிடும். உயிருள்ள ஒயர் வண்டிக்குள் அவிழ்ந்து தொங்குவதைவிட ஆபத்து வேறில்லை. இரண்டாவது, உருகிய ஈயம் மெல்லிய செம்பு இழைகளுக்கிடையே தானே ஊறி மேலே ஏறும். ஏறிய தூரம் வரை ஒயர் கம்பி போல விறைத்துவிடும். விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் அந்தக் கோட்டில்தான் அதிர்வின் வளைவு முழுவதும் விழும். இழைகள் ஒவ்வொன்றாக அறும். மூன்றாவது, ஈய ஜாயிண்ட் உள்ளே நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

கிரிம்ப் முறையில் ஒயருக்கேற்ற குழாய் முனைக்குள் இழைகளைச் செருகி, உரிய அச்சுள்ள கருவியால் நசுக்குகிறோம். அழுத்தத்தில் ஆக்சைடு உடைந்து, இழைகளும் குழாய்ச் சுவரும் இடைவெளியின்றி நெருங்கி, சூடில்லாமலே ஒட்டிக்கொள்ளும். காற்று நுழையாததால் பிறகும் ஆக்சைடு பிடிக்காது. சரியான கருவி இருந்தால் நூறாவது ஜாயிண்ட்டும் முதல் ஜாயிண்ட் போலவே வரும். கருவி இல்லாமல் லக்கைச் சுத்தியால் அடித்து, மனம் கேளாமல் மேலே ஈயமும் ஊற்றுவது இரண்டு முறைகளின் நன்மையையும் கெடுத்துவிடும். ஒயர் நுனியில் ஈயம் தோய்த்துத் திருகுக்கு அடியில் முடுக்குவதும் தவறு. அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல வழிந்து விலகும்; சில மாதங்களில் திருகு தளர்ந்துவிடும்.

ஆகவே பெரிய மின்னோட்டத்துக்கும் தடித்த ஒயருக்கும் கிரிம்ப். குழி வைத்துச் செய்த எக்ஸ்டி போன்ற சிறிய கனெக்டருக்கு ஈயம்; அங்கே ஒயர் ஆடாமல் பிடித்துக் கட்டுவது கட்டாயம்.

ஈயம் வைக்கும் முறை

25 வாட் அயர்ன் இந்த வேலைக்கு ஆகாது. செம்பு ஒயர் வெப்பத்தை அவ்வளவு வேகமாக இழுத்துக்கொண்டு போகும்; நுனி சூடேறும் முன் ஒயரின் உறை இளகிவிடும். 60 வாட்டுக்கு மேல், உளி போன்ற அகன்ற நுனி, சுமார் 380 டிகிரி. அதிகச் சூட்டில் சில விநாடிகளில் முடிப்பதே நல்லது. குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்திருப்பதுதான் கனெக்டரைக் கெடுக்கும்.

ஜாயிண்ட்டை மூடும் காப்பு ஸ்லீவை முதலில் ஒயரில் கோத்துத் தள்ளி வையுங்கள். கனெக்டரின் எதிர்ப் பாதியைச் செருகிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அது சூட்டை வாங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் சற்று இளகினாலும் பின்களைக் கோணாமல் பிடித்துக்கொள்ளும். ஒயர் நுனிக்கும் குழிக்கும் தனித்தனியாக ஈயம் பூசிய பிறகு, குழியில் ஈயம் உருகி நிற்கும்போது ஒயரை அமிழ்த்தி அயர்னை எடுத்துவிடுங்கள். ஈயம் உறையும் வரை ஒயர் அசையக் கூடாது. ஊதி ஆற்றவும் கூடாது. அசைந்தால் உள்ளே விரிசலோடு உறைந்துவிடும். ரோசின் கலந்த ஃபிளக்ஸ் மட்டுமே பயன்படுத்துங்கள். தகர வேலைக்கான அமிலம் எஞ்சினால் செம்பை அரித்துக்கொண்டே இருக்கும்.

முனைகள் வெளியே நீட்டாத பாதி எப்போதும் பேட்டரிப் பக்கம் வர வேண்டும். பேட்டரிக்கு ஸ்விட்ச் கிடையாது, அது எப்போதும் உயிரோடுதான் இருக்கும். பழைய கனெக்டரை வெட்டும்போது இரண்டு ஒயர்களையும் சேர்த்து வெட்டினால் கட்டரே ஷார்ட் ஆகிவிடும். ஒன்றை வெட்டி, வேலையை முடித்து, மூடிய பிறகு மற்றதைத் தொடுங்கள். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள்.

பேட்டரியைச் செருகும்போது டப்பென்று தெறிக்கும் தீப்பொறியும் கனெக்டரின் எதிரிதான். கண்ட்ரோலருக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் காலியாக இருக்கும். செருகிய கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து முனைகளில் குழி விழும். எக்ஸ்டி 90எஸ் வகையில் இதற்காகவே உள்ளே 5.6 ஓம் தடை வைத்திருக்கிறார்கள். முனை முதலில் அதைத் தொட்டு, பிறகே முழுதாக இணையும். 48 வோல்ட்டில் பாய்ச்சல் 9 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். வண்டி ஓடும்போது கனெக்டரைப் பிடுங்குவது அதைவிட மோசம். வீட்டு மின்சாரம் விநாடிக்கு 100 முறை சுழியைத் தொட்டுப் போவதால் அதன் தீப்பொறி எளிதில் அணையும். பேட்டரியின் நேர்மின்சாரத்துக்கு அந்த இடைவேளை இல்லை.

அளந்து பார்க்கலாம்

மல்டிமீட்டரின் ஓம் அளவில் மில்லி ஓம் தெரியாது. மீட்டர் ஒயர்களின் தடையே அதைவிடப் பல மடங்கு. வேறு வழி இருக்கிறது. ஒரு 12 வோல்ட் பேட்டரி, இணையாகக் கட்டிய இரண்டு 60 வாட் ஹெட்லைட் பல்புகள், இடையில் நீங்கள் செய்த கனெக்டர். ஓடும் மின்னோட்டம் சுமார் 10 ஆம்பியர். இப்போது கனெக்டரின் இரு பக்க ஒயர்களுக்கும் இடையே மில்லிவோல்ட் பாருங்கள். 5 மில்லிவோல்ட் என்றால் தடை அரை மில்லி ஓம், நல்ல ஜாயிண்ட். 50, 100 என்று காட்டினால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும். மோட்டார் கடைகளில் இருக்கும் சாதாரண டாங் டெஸ்டர் ஏசி மட்டுமே காட்டும். பேட்டரி ஒயரில் மாட்டினால் பூஜ்யம்தான் வரும். டிசி அளக்கும் வகையை வாங்க வேண்டும்.

1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் கோவை. 2008இல் ஹேமலதா அண்ணாமலை ஆம்பியர் என்ற பெயரில் பேட்டரி ஸ்கூட்டர் நிறுவனம் தொடங்கியதும் இங்கேதான். 2023இல் வந்த தமிழக மின்வாகனக் கொள்கை, மின்வாகன நகரங்களாக வளர்க்கக் குறித்த ஆறு ஊர்களில் கோவையும் சேலமும் உண்டு. 2022இல் ஸ்கூட்டர்கள் தீப்பற்றிய பிறகு மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதியான ஏஐஎஸ் 156ஐக் கடுமையாக்கி, அந்த டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டங்களாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்த விதி கேட்கும் சோதனைகள் தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டிக்குத்தான். மூன்றாம் ஆண்டில் கடையில் மாற்றிப் போடும் கனெக்டரை யாரும் சோதிப்பதில்லை. ஆயிரம் அடி ஆழத்தில் தண்ணீருக்குள் கிடக்கும் கேபிளுக்கு ஜாயிண்ட் போடத் தெரிந்த கைகளுக்கு இந்த வேலை எட்டாததல்ல. அளக்கும் பழக்கம்தான் சேர வேண்டும்.

அடுத்த முறை வண்டியில் கனெக்டர் மாற்றினால், கூலி கொடுக்கும் முன் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எத்தனை மில்லிவோல்ட் காட்டியது? பதில் வராவிட்டால், அளந்து காட்டச் சொல்லுங்கள்.